நேராகப் போகாமல் பக்கவாட்டில் போங்கள்: தொலைதூர விண்மீன் கொத்துகளை அடையாளம் காண்பது பற்றி

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் கேமில் ஊர் உலகத்தை விட்டு வெகுதூரம் பயணம் போகிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். காக்பிட் கண்ணாடிக்கு வெளியே, பால்வீதிப் பட்டையை ஒட்டி, நீலமாகச் சில புள்ளிகள் நெருங்கி நிற்கும். அது என்ன? நாம் ஏற்கனவே பெயர் கேள்விப்பட்ட கொத்தா? யாரும் கண்டுகொள்ளாத ஒன்றா? இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விண்மீன்கள் ஒரே திசையில் விழுந்து கூட்டம்போலத் தெரிகின்றனவா? கேம் இதைச் சொல்லாது. இடதுபக்கப் பேனலில் பக்கத்து அமைப்புகளின் பெயர் மட்டும்தான் வரும். ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் மின்னுவதைக் காட்டி "இது யார்?" என்று கேட்க ஒரு பொத்தானும் கிடையாது.

எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்த வேலையே இதுதான். 2014 டிசம்பரில் வெளிவந்தபோதே பால்வீதி முழுவதையும் உண்மை அளவில், சுமார் 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு கட்டியிருந்தார்கள். சூரியனைச் சுற்றியுள்ள பகுதியில் உண்மையான அட்டவணைகளில் உள்ள விண்மீன்கள் தத்தம் இடத்தில் இருக்கின்றன. மீதியை வானியல் விதிகளை ஒட்டிக் கணினி நிரப்புகிறது. ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு ஜம்ப்புக்குப் பிறகும் வானம் அந்த இடத்திலிருந்து எப்படித் தெரியுமோ அப்படிப் புதிதாக வரையப்படுகிறது. அதாவது வெளியே தெரிகிற புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது, ஒரு தூரம் இருக்கிறது. வானியலாளர்கள் பயன்படுத்துகிற முறைகள் இங்கேயும் அப்படியே வேலை செய்கின்றன. எனக்குப் பலன் தந்தவற்றை எழுதிவைக்கிறேன்.

ஒரு கொத்தைப் பார்த்தால் பலரும் கப்பலின் மூக்கை அதை நோக்கித் திருப்பி ஜம்ப் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் போகும்போது கொத்து திரையின் நடுவிலேயே நிற்கும். 500 ஒளியாண்டு போனபிறகும் அது கொஞ்சம் விரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விரிவதை வைத்துக் கணக்குப் போடலாம்: 500 ஒளியாண்டு முன்னால் போனதில் 1 டிகிரி அகலம் ஒன்றரை டிகிரி ஆகியிருந்தால், கிளம்பிய இடத்திலிருந்து அதன் தூரம் 1,500. ஆனால் கொத்துக்கு விளிம்பு என்று ஒன்று கிடையாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். அந்தக் குழப்பத்திலேயே கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

அதனால் நான் பக்கவாட்டில் போவேன். கொத்து இருக்கும் திசைக்குக் குறுக்கே, ஏறக்குறைய 90 டிகிரி திரும்பி, சில ஜம்ப். பிறகு திரும்பிப் பார்த்தால் அருகில் உள்ளது நிறைய இடம் மாறியிருக்கும், தொலைவில் உள்ளது அசைந்தே இருக்காது. இடமாறு தோற்றம் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே சங்கதி. 1838ல் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனின் தூரத்தை அளந்தது இந்த வழியில்தான். அவருக்குக் கிடைத்த நகர்வு, பூமி ஆறு மாதத்தில் சூரியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிற சுமார் 30 கோடி கிலோமீட்டர். நமக்கோ 100 ஒளியாண்டு நகர்வது கொஞ்ச நேர வேலை. அது அவருக்குக் கிடைத்ததைப்போல முப்பது லட்சம் மடங்குக்கும் மேல். அவர் நுண்கருவி வைத்து அளந்ததை நாம் வெறுங்கண்ணால் திரையில் பார்த்துவிடலாம்.

கணக்கு எளிது. நகர்ந்த தூரத்தை 57ஆல் பெருக்கி, கொத்து எத்தனை டிகிரி இடம் மாறியதோ அதனால் வகுத்தால் தூரம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இதை நம்பலாம். நினைவில் வைக்க இன்னொரு வழி: தூரத்தில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் போனால் கொத்து 6 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். குறுக்கே போகும் கோணம் சரியாக 90 ஆக இருக்கவேண்டும் என்று கவலைப்படவேண்டாம். 60 டிகிரிக் கோணத்தில் போனாலும் போன தூரத்தில் 87 சதவீதம் கணக்கில் வரும். 30 டிகிரி என்றால்தான் பாதியாகிவிடும்.

முதல்முறை செய்து பார்ப்பவர்கள் ரோகிணியில் தொடங்குங்கள். சூரிய அமைப்புக்குள் நுழைய கேமில் அனுமதி வேண்டும் என்பதால், பக்கத்தில் இருக்கிற வேறு ஏதாவது அமைப்பே போதும். ரிஷப ராசியில் ஆங்கில வி எழுத்து வடிவில் ஹையாடிஸ் கொத்து தெரியும். அதன் ஒரு கையின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. பார்ப்பவர் எவரும் ரோகிணியை அந்தக் கொத்தின் தலைவி என்றே நினைப்பார்கள். உண்மையில் ஹையாடிஸ் சுமார் 150 ஒளியாண்டில் இருக்கிறது, ரோகிணி வெறும் 65ல். பக்கவாட்டில் 20 ஒளியாண்டு போய்த் திரும்பிப் பாருங்கள். கொத்து 7 டிகிரி அளவில் மொத்தமாக நகர்ந்திருக்கும், வடிவம் பெரிதாகக் கெட்டிருக்காது. ரோகிணி மட்டும் 17 டிகிரி தாவி, அந்த வடிவத்தை விட்டு வெளியே தனியாக நிற்கும். சேர்ந்து நகர்கிறவை ஒரு கூட்டம், பிரிந்து ஓடுகிறது வழிப்போக்கர். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்த நீலக் குவியலையும் சும்மா நம்பமாட்டீர்கள்.

இதே முறையின் முழுப் பலத்தையும் நான் உணர்ந்தது கரினா என்ற தென்வானத்து விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில். சூரியனின் சுற்றுப்புறத்திலிருந்து பார்த்தால் அங்கே ஏழு டிகிரிக்குள் மூன்று விஷயங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தீட்டா கரினே என்ற விண்மீனைச் சுற்றிப் பிரகாசமான நீலப் புள்ளிகள் சில, இதுதான் ஐ.சி. 2602, தெற்குக் கார்த்திகை என்று அழைக்கப்படுவது. அதிலிருந்து ஐந்து டிகிரிக்குள் கரினா நெபுலாவின் சிவந்த வாயு மேகம். அதன் பக்கத்தில் பொடிப்பொடியாகத் தூவியதுபோல என்.ஜி.சி. 3532 என்ற கொத்து. ஹபிள் தொலைநோக்கி 1990 மே மாதம் எடுத்த முதல் படம் இந்தக் கொத்தின் ஒரு பகுதிதான். கண்ணுக்கு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே குடும்பம்போலத்தான் தோன்றும். நெபுலாவுக்குள் பிறந்த விண்மீன்கள் வெளியே சிதறியிருக்கின்றன என்று ஒரு கதைகூட மனதில் ஓடும்.

முதலில் திசைக்கு ஓர் ஆணி அடித்துக்கொண்டேன். பெரிய மெகல்லன் மேகம் அங்கிருந்து முப்பது டிகிரிக்குச் சற்று அதிகமான தூரத்தில் தெரிகிறது. அது 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள தனி கேலக்ஸி. நாம் 100 ஒளியாண்டு நகர்ந்தாலும் அது ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூட அசையாது. அதைத் திரையின் ஓர் ஓரத்தில் வைத்து, கரினா பக்கம் நடுவில் வரும்படி கப்பலை உருட்டி நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட். பிறகு குறுக்கே 100 ஒளியாண்டு தள்ளி ஓர் அமைப்பை மேப்பில் தேர்ந்தெடுத்துப் போய், மேகத்தை அதே ஓரத்தில் அதே சாய்வில் வைத்து மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கும்போது நெபுலா நகரவே இல்லை. அதன் பக்கத்திலிருந்த பொடித் தூவல் நாலு டிகிரி அளவுக்கு விலகியிருந்தது. தெற்குக் கார்த்திகையோ பதினோரு டிகிரிக்கும் மேல் தாவி, வேறு விண்மீன்களின் நடுவே போய் நின்றது. கணக்குப் போட்டால் தெற்குக் கார்த்திகை சுமார் 500 ஒளியாண்டு, என்.ஜி.சி. 3532 சுமார் 1,500. புத்தகங்களில் இருக்கும் எண்களுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. நெபுலாவுக்கு இந்த நகர்வு போதாது. அது 7,500 ஒளியாண்டுக்குக் குறையாத தொலைவில் இருப்பதால் அதை அளக்கவேண்டுமானால் 700, 800 ஒளியாண்டு குறுக்கே போகவேண்டும். ஒரே குடும்பம் என்று நினைத்தது ஒன்றின் பின்னால் ஒன்றாக மூன்று அடுக்கு. அந்த ஆழம் கண்முன்னே பிரிந்து விரிகிற நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டையான வானம் என்று நாம் பழகிப்போன ஒன்றுக்கு உள்ளே இவ்வளவு இடம் இருக்கிறது என்பதை எந்தப் படமும் இப்படிக் காட்டியதில்லை.

நகராமல் நிற்பதும் ஒரு தகவல்தான் என்பதைக் கவனியுங்கள். உங்களால் ஒரு டிகிரி மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், 100 ஒளியாண்டு நகர்ந்தும் அசையாதது 5,700 ஒளியாண்டுக்கு அப்பால்தான் இருக்கவேண்டும். தூரம் தெரியாவிட்டாலும் பாதிப் பட்டியல் அடிபட்டுவிடும்.

இரண்டு படங்களை மாறி மாறிக் காட்டி எது நகர்ந்தது என்று பார்ப்பது பழைய உத்தி. 1930ல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது அப்படித்தான், கண்ணாடித் தட்டுகளை ஒரு கருவியில் வைத்து. நமக்குக் கணினியில் இரண்டு படங்களைத் திறந்து அம்புக்குறிப் பொத்தானைத் தட்டினால் போதும். ஆனால் இரண்டும் ஒரே ஜூம் அளவில், ஒரே சாய்வில் இருக்கவேண்டும். நான் வெளிக் கேமராவுக்குப் போய், காக்பிட் சட்டங்கள் எதுவும் குறுக்கே வராமல் எடுக்கிறேன். அமைப்பின் சொந்த விண்மீன் முகத்தில் அடித்தால் மங்கலானவை மறைந்துவிடும். ஏதாவது ஒரு கோளின் இருட்டுப் பக்கத்துக்குப் போய், கோள் அந்த வெளிச்சத்தை மறைக்கும்படி நின்றுகொண்டால் வானம் அப்படியே திறந்துகொள்ளும். தரையிறங்க முடிகிற கோளாக இருந்தால் இன்னும் நல்லது, கப்பல் ஆடாமல் நிற்கும்.

டிகிரியை எப்படி அளப்பது? ஓரியனின் இடுப்புப் பட்டையை அளவுகோலாக வையுங்கள். அந்த மூன்று விண்மீன்களின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 2.7 டிகிரி. அவை பல நூறு ஒளியாண்டு தள்ளி இருப்பதால், சூரியனின் அருகில் எங்கிருந்து பார்த்தாலும் இந்த அளவு பெரிதாக மாறாது. நீங்கள் வழக்கமாக எடுக்கும் ஜூமில் அதைத் திரையின் நடுவில் வைத்து ஒரு படம் எடுத்து, எத்தனை பிக்சல் என்று எண்ணிக்கொண்டால் ஆயுசுக்கும் அதுவே ஸ்கேல். திரையின் ஓரத்தில் வைத்து அளக்காதீர்கள். ஓரங்களில் வானம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும்.

பக்கவாட்டில் என்று சொல்லும்போது இடம் வலம் மட்டுமல்ல, மேலே கீழேயும் சேர்த்துத்தான். பட்டைக்கு உள்ளே புதைந்து கிடக்கிற கொத்துக்கு மேல்நோக்கிப் போவதுதான் சிறந்தது. இடமோ வலமோ போனால் அது பட்டைக்குள்ளேயே வழுக்கிப்போய் இன்னொரு நெரிசலில் கலந்துவிடும். பால்வீதித் தளத்துக்கு மேலே 200 ஒளியாண்டு ஏறினால், தொலைதூரப் பட்டை இருந்த இடத்திலேயே நிற்க, அருகிலுள்ள கொத்து மட்டும் பட்டைக்குக் கீழே இறங்கிக் கறுப்பான பின்னணியில் தனியாகத் தெரியும். இதை முதலில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும், அவ்வளவு வசதி.

தூரம் கிடைத்துவிட்டது, அடுத்தது பெயர். கேலக்ஸி மேப்பைத் திறந்து, உங்கள் சந்தேகத்தில் இருக்கும் கொத்தின் பிரபலமான ஓர் உறுப்பினரைத் தேடுங்கள். கார்த்திகை என்றால் மாயா, மெரோபே, எலக்ட்ரா. அதற்குப் பாதை போடாமல் இலக்காக மட்டும் வைத்தால் காக்பிட்டில் அந்தத் திசையில் குறி வந்து நிற்கும், தூரமும் கூடவே. குறி உங்கள் குவியலின்மேல் விழுகிறதா? விழவில்லை என்றால் அது வேறு, முடிந்தது விஷயம். விழுந்தால் மட்டும் கொண்டாடவேண்டாம். திசை ஒன்றாக இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. குறிக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று நிற்கலாம். குறுக்கே போய் மறுபடி பாருங்கள். இரண்டாவது இடத்திலிருந்தும் குறி அதே குவியலின்மேல் இருந்தால் அதுதான் ஆள். இரண்டு இடம், ஒரே குறி. நான் பெயர் எழுதிவைப்பதற்கு முன் இந்தச் சோதனையை விடுவதே இல்லை.

கார்த்திகையை வைத்து இதைச் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடு அதன் தூரத்தை 390 ஒளியாண்டுக்குப் பக்கத்தில் காட்டியது. பிறகு வந்த கையா செயற்கைக்கோளின் அளவீட்டில் அது 440க்கு மேல். வானியலில் பல வருடம் ஓடிய சர்ச்சை இது. கேமில் அது பழைய எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் கணக்கு இன்றைய புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கை உடனே சந்தேகிக்காதீர்கள்.

மேப்பில் வரும் அமைப்புப் பெயர்களும் பேசும். சூரியனைச் சுற்றிக் 'கோல் 285 செக்டர்' என்று தொடங்கும் பெயர்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பேர் காலிண்டர் 1931ல் வெளியிட்ட கொத்து அட்டவணையின் 285ஆவது பதிவு அது, சப்தரிஷி மண்டலத்து விண்மீன்கள் பலவற்றை உள்ளடக்கிய கூட்டம். ஆக, செக்டர் பெயரில் கொத்தின் பெயரே ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயருள்ள எல்லாமும் கொத்தின் உறுப்பினர்கள் ஆகிவிடாது. அந்த எல்லைக்குள் கணினி நிரப்பிய சாதாரண விண்மீன்களுக்கும் அதே பெயர்தான். கணினி வைத்த பெயர்களில் நடுவில் வரும் சிறிய எழுத்தையும் கவனியுங்கள். கேமில் மனிதர்கள் தொலைவில் குடியேறிய கொலோனியா என்ற அமைப்பின் பழைய பெயர் 'இயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94'. அதில் 3க்கு முன்னால் வரும் எழுத்து அமைப்பின் மொத்த நிறையைக் குறிக்கிறது. ஆங்கில வரிசையில் முதல் எழுத்து மிகச் சிறியவற்றுக்கு, எட்டாவது எழுத்து மிகக் கனமானவற்றுக்கு. தொலைவில் பளிச்சென்று தெரிகிற ஒன்றைத் தேடும்போது அந்த எட்டில் கடைசி மூன்று நான்கு எழுத்துகளில் உள்ள அமைப்புகளை மட்டும் பார்த்தால் போதும், தேடல் சட்டென்று சுருங்கிவிடும்.

ஏன் கனமானவை மட்டும்? நம் சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். 60 ஒளியாண்டு தள்ளிப் போனால் அது வெறுங்கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டிவிடும். கார்த்திகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உண்டு. நமக்குத் தெரிவது ஆறு, ஏழு. தொலைவிலிருந்து பார்க்கும் எந்தக் கொத்தும் அதன் ராட்சசர்கள் நான்கைந்து பேர்தான், கூட்டத்தின் மீதியெல்லாம் இருட்டில் இருக்கிறது. அதனால் மூன்று நீலப் புள்ளிகளைக் கண்டால் 'சின்னக் கொத்து' என்று முடிவுகட்டக்கூடாது. மேப்பில் ஓ, பி என்ற மிகச் சூடான நீல விண்மீன் வகைகளை மட்டும் வைத்து ஃபில்டர் போட்டால் கண்ணில் பட்டவர்கள் யார் என்று தெரியும். பிறகு அவற்றைவிடச் சூடு குறைந்த ஏ, எஃப் வகைகளையும் சேர்த்துப் பாருங்கள். உண்மையான கொத்து என்றால் அந்த இடத்தில் மட்டும் அடர்த்தி கூடும்.

நிறம் வயதைச் சொல்லும். கார்த்திகைக்கு சுமார் 10 கோடி வயது. முழுக்க நீலம், சிவப்பு ராட்சசன் ஒன்றுகூட இல்லை. ஹையாடிஸுக்கு 60 கோடிக்கு மேல். நீலம் தீர்ந்து, ஆரஞ்சு ராட்சசர்கள் நான்கு பேர் தெரிவார்கள். பெர்சியஸ் இரட்டைக் கொத்துக்கு ஒன்றரைக் கோடி வயதுகூட இருக்காது. அதனால்தான் 7,500 ஒளியாண்டு தள்ளி இருந்தும் அவ்வளவு பிரகாசம். ஓ வகை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகூடத் தாங்காது, எனவே ஓ வகை தெரிந்தால் அங்கே நெபுலாவும் இருக்கிறதா என்று தேடுங்கள். ரோசெட் நெபுலாவின் நடுவில் இருக்கும் குழியே என்.ஜி.சி. 2244 கொத்தின் விண்மீன்கள் தங்களிடமிருந்து வீசும் துகள் காற்றால் குடைந்ததுதான். நெபுலா, கொத்து இரண்டையும் பிரித்தறிய ஜூம் போதும்: கொத்து புள்ளிகளாக உடையும், நெபுலா உடையாது.

இருக்கும் இடமும் ஒரு துப்பு. இதுவரை பார்த்த கார்த்திகை, ஹையாடிஸ் போன்ற திறந்த கொத்துகள் பால்வீதித் தளத்திலேயே பிறந்து வாழ்பவை. பட்டையை விட்டு மிகவும் விலகி ஒரு நீலக் குவியல் தெரிந்தால் அது பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். கோமா பெரனிசஸ் கொத்து நம்மிடமிருந்து 280 ஒளியாண்டுதான். அதனால்தான் அது பட்டையிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள பால்வீதியின் வடதுருவத்துக்குப் பக்கத்தில் தெரிகிறது. கோளக் கொத்துகள் வேறு இனம். பால்வீதியைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவியவை, உருண்டையானவை, மஞ்சள் கலந்த முதிய ஒளி. ஹார்லோ ஷாப்லி 1918ல் அவற்றின் பரவலை வைத்துத்தான் நம் சூரியன் பால்வீதியின் மையத்தில் இல்லை என்று காட்டினார். கோளக் கொத்துகளைப் பழகிக்கொள்ள ஸ்பேஸ் எஞ்சின் என்ற விண்வெளி உலாவல் மென்பொருள் சிறந்த இடம். பெயர் தட்டினால் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே எரிபொருள் கவலையோ ஜம்ப் எல்லையோ இல்லை. தெரிகிற விண்மீன்களின் மங்கல் வரம்பைக் கூட்டியும் குறைத்தும் ஒரே கொத்து எத்தனை முகம் காட்டுகிறது என்று பார்க்கலாம். ஒரு கொத்தை எலைட்டில் தேடிப் போவதற்கு முன் அங்கே பல திசைகளிலிருந்து அதைப் பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். பூமியிலிருந்து எடுத்த படத்தை மட்டும் மனதில் வைத்துத் தேடினால், பின்பக்கமிருந்து வரும்போது அடையாளம் தெரியாது.

எல்லாச் சோதனையும் முடிந்து 'கொத்தே இல்லை' என்று விடை வருவதும் உண்டு. அதை வீண் வேலை என்று நினைக்கவேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் மெஸ்ஸியர் தொகுத்த பட்டியலிலேயே எம் 73 என்பது நான்கு விண்மீன்கள் தற்செயலாக ஒரே திசையில் நிற்பதுதான் என்று 2002ல்தான் தீர்மானமாகத் தெரிந்தது. எம் 40 வெறும் இரண்டு விண்மீன். கோட் ஹேங்கர் என்று செல்லமாக அழைக்கப்படும் காலிண்டர் 399ஐயும் ஹிப்பார்கோஸ் தரவு கலைத்துவிட்டது. மறுபக்கம், 1767லேயே ஜான் மிஷெல் என்பவர் கார்த்திகை தற்செயலாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு 4,96,000ல் ஒன்றுதான் என்று கணக்கிட்டார்; ஒரு விண்மீனின் தூரத்தைக்கூட யாரும் அளந்திராத காலத்தில், காகிதத்தில். சில புள்ளிகள் மட்டும் நெருங்கி நின்றால் தற்செயலாக இருக்கலாம். ஆறேழு பிரகாசமானவை ஒரு டிகிரி இரண்டு டிகிரிக்குள் இருந்தால் அநேகமாக உண்மையான கொத்து. குறுக்கே போய் உறுதிசெய்ய அதற்கே முதலிடம் கொடுங்கள்.

மையத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பால்வீதி மையத்தின் கருந்துளையான சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் சூரியனிலிருந்து 25,900 ஒளியாண்டு. அதற்கு வெகு முன்னாலேயே வானம் முழுக்க விண்மீன்களால் நிரம்பி, கண்ணால் குவியலைப் பிரித்தறிவது முடியாமல் போகும். ஏதாவது ஓரிடம் பளபளப்பாகத் தெரிந்தால் அது தூசியில் விழுந்த ஓட்டையாகவும் இருக்கலாம். எம் 24 அப்படிப்பட்ட ஒரு சன்னல்தான், கொத்து அல்ல. அங்கே நான் வெளியே பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, மேப்பில் ஓ வகையை மட்டும் வைத்து, நூறு ஒளியாண்டு வட்டத்துக்குள் எங்கே அவை கூடுகின்றன என்று தேடுகிறேன். மெகல்லன் மேகங்களை அந்த வெளிச்சத்தில் கண்டுபிடிக்கச் சிரமமாக இருக்கும். எனவே உள்ளே நுழைவதற்கு முன்பே, பின்னால் விட்டுவந்த பிரகாசமான நெபுலா ஒன்றை மேப்பில் புக்மார்க் செய்து, திசைக்கு அதையே இலக்காக வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டிலும் அந்தக் குறி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஜம்ப்.